முகாம் முடிந்த பிறகு: மாணவர் சேவைப் பயணங்களால் யாருக்கு என்ன பயன்?

பத்து நாள் பயணம். ஒரு வகுப்பறைச் சுவருக்குப் பெயின்ட், ஒரு கழிப்பறைக்கு அடித்தளம், மாலையில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு கால்பந்து, கடைசி நாள் கலைநிகழ்ச்சி. வசதியான நாடுகளின் பள்ளிகள் பல தம் மாணவர்களைச் சேவைக்காக வேறொரு நாட்டுக்கு அனுப்பும்போது, பயணம் பெரும்பாலும் இந்த வடிவில்தான் அமைகிறது. விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் பள்ளியிலிருந்து வெளிநாடு போவதென்றால் இன்னமும் சுற்றுலா என்றே பொருள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையும் 2022 முதல் போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை வெளிநாடுகளுக்கு அழைத்துச் செல்கிறது. அந்த ஆண்டு ஒரு குழு ஷார்ஜா புத்தகக் காட்சிக்குப் போய்வந்தது. அந்தத் திட்டமும் சேவை என்றல்ல, கல்விப் பயணம் என்ற பெயரிலேயே நடக்கிறது.

ஆனால் சேவைப் பயணத்தின் உள்நாட்டு வடிவம் சேலம், நாமக்கல் சமவெளிக்குப் புதிதல்ல. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமைக் காணாத ஊர்கள் இங்கே குறைவாகவே இருக்கும். கடல் கடந்து போவதானாலும், பக்கத்து ஒன்றியத்துக்குப் போவதானாலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: சில நாள் வந்து போகும் மாணவர்களின் உழைப்பால் அந்த ஊருக்கு நன்மை உண்டா, அல்லது நன்மையெல்லாம் வந்து போகிறவருக்கு மட்டுந்தானா? இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளாகப் பலர் விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே நொண்டுகின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போருக்கு மாற்றாக மண்வெட்டி

முதல் விடை சமாதானக்காரர்களுடையது. அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1910இல் எழுதிய ஒரு கட்டுரையில், போர் இளைஞர்களிடம் வளர்க்கும் கட்டுப்பாட்டையும் துணிவையும் போரில்லாமலே வளர்க்க வழி தேடினார். படையில் சேர்ப்பதுபோல் இளைஞர்களைக் கடின உழைப்புக்குச் சேர்க்கலாம் என்றார். பத்தாண்டு கழித்து, சுவிஸ் நாட்டுப் பொறியாளர் பியர் செரெசோல் அந்த எண்ணத்துக்கு நெருக்கமான ஒன்றைச் செய்து பார்த்தார். முதல் உலகப் போரில் தரைமட்டமான வெர்தன் அருகே எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில் 1920 நவம்பரில் ஒரு சிறு குழு வீடு கட்ட இறங்கியது. குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். ‘சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பின் தொடக்கம் அதுதான்.

அந்த முகாம் சில மாதங்களிலேயே கலைந்தது. நேற்றுவரை எதிரியாக இருந்தவன் தன் ஊரில் செங்கல் அடுக்குவதை ஏற்க ஊர் ஆயத்தமாக இருக்கவில்லை. வருகிறவரின் நல்லெண்ணம் ஊரின் சம்மதம் ஆகாது என்பதை முதல் முகாமே காட்டிவிட்டது. 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது செரெசோல் இந்தியாவுக்கு வந்தார். சில ஐரோப்பியத் தொண்டர்களோடு முசாபர்பூர்ப் பகுதியில் கிராமங்களை மறுபடி கட்டும் பணியில், இடைவெளி விட்டு மூன்றாண்டு ஈடுபட்டார். இம்முறை ராஜேந்திர பிரசாத் முதலியோர் நடத்திய நிவாரணப் பணிக்குள் அவர் அடங்கி நடந்தார். எஸ்னுக்கும் பீகாருக்கும் இடையே மாறியது இதுதான்: கூப்பிட ஆள் இருந்தார்கள், எங்கே என்ன கட்டுவது என்று சொல்லவும் உள்ளூரில் ஆள் இருந்தார்கள்.

இன்னொரு சேலம்

இரண்டாவது விடை, பயணம் மாணவனை ஆளாக்குகிறது என்பது. அதன் ஊற்றுக்கண் ஜெர்மனியில் சேலம் என்ற ஊரில் இருக்கிறது. நம் சேலத்துக்கும் அதற்கும் பெயர் தவிர ஒட்டுறவில்லை. 1920இல் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் அங்குள்ள மாளிகையில் ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். நாஜிகள் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறி, 1934இல் ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார். உடற்பயிற்சியும் பிறருக்குச் சேவையும் கணக்கு, இலக்கணம்போலப் பாடவேளைக்குள் வரவேண்டும் என்பது அவர் கொள்கை. 1953இல் கிரேக்கத்தின் அயோனியத் தீவுகள் நிலநடுக்கத்தில் நொறுங்கியபோது, ஹானின் வழிவந்த பள்ளிகளின் மாணவர்கள் அங்கே போய் முதியோர் இல்லம் கட்ட உதவினர். ‘ரவுண்ட் ஸ்கொயர்’ என்ற பன்னாட்டுப் பள்ளிக் கூட்டமைப்பு அந்த அனுபவத்திலிருந்து 1960களில் எழுந்தது. இன்று பன்னாட்டுப் பள்ளிகள் நடத்தும் ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) பட்டயப் படிப்பில் படைப்பு, உடலியக்கம், சேவை மூன்றும் கட்டாயம். சேவையும் விளையாட்டும் ஒரே பயணத் திட்டத்தில் சேர்ந்து வருவதற்கு ஹான் மரபு ஒரு முக்கியக் காரணம்.

சிங்கப்பூர் இதை அரசுக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. 1997இல் பள்ளிகளில் சமூக ஈடுபாட்டுத் திட்டம் வந்தது. 2000இல் இளையரை வெளிநாட்டுச் சேவைக்கு அனுப்பும் திட்டம் தொடங்கியது. இந்தியாவும் அவர்கள் வந்து போகும் நாடுகளில் ஒன்று.

பதினாறு வயதுப் பிள்ளை வீட்டை விட்டுப் போய், அறியாத மொழி பேசும் ஊரில் மண் சுமந்து, தன் தட்டைத் தானே கழுவினால் அது அவனை மாற்றும் என்பதை மறுக்க இடமில்லை. மதிப்பெண்ணைத் தவிர வேறெதற்கும் நேரம் ஒதுக்காத விடுதிப் பள்ளிகள் உள்ள நம் பகுதியில், விளையாட்டுப் பாடவேளையும் கணக்கு ஆசிரியரிடம் போய்விடும் நிலையில், இந்த வாதத்துக்கு இன்னும் கூடுதல் கனம் உண்டு. பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. வெற்றிக்கு அளவுகோல் மாணவனின் மனமாற்றம் என்று ஆனபின், முதியோர் இல்லத்தின் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பது யார் வேலை என்ற கேள்வி கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. மாணவனின் நாட்குறிப்பும் பிரதிபலிப்புக் கட்டுரையும் பள்ளிக்குக் கிடைக்கின்றன. ஊரின் கட்டுரையை எவரும் கேட்டு வாங்குவதில்லை.

புதுப்பாளையமும் கனத்தொலுவையும்

மூன்றாவது விடை நம் மண்ணிலிருந்து வருகிறது. 1925 பிப்ரவரியில் ராஜாஜி திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். சேலத்தில் பேர்பெற்ற வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர், மழை பொய்த்த ஒரு வட்டாரத்துக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். கதர் நூற்பு, மருத்துவம், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் ஆகியவை ஆசிரமத்தின் வேலைகள். கல்கி அங்கே தங்கிப் பணியாற்றினார். மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற இதழ் அங்கிருந்து வந்தது. 1937 அக்டோபரில் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் அமலானதற்குப் பின்னே, மாகாணப் பிரதமராகிவிட்ட ராஜாஜியின் ஆசிரம ஆண்டுகளும் இருக்கின்றன. இந்த மரபின் விடை எளியது: சேவை செய்ய விரும்புகிறவன் முதலில் அந்த ஊரில் குடியிருக்க வேண்டும். ஆசிரமம் நூறாண்டு கடந்து இன்றும் இயங்குகிறது.

பள்ளி மாணவருக்கு இது எப்படிப் பொருந்தும்? இலங்கையில் ஒரு முயற்சி நடந்தது. கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ.டி. ஆரியரத்ன, 1958 டிசம்பர் விடுமுறையில் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சிங்களச் சமூகத்தில் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட ரொடியா மக்களின் ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அவர்கள் நடுவே தங்கி, சேர்ந்து உழைத்து, சேர்ந்து சாப்பிட்டனர். கிணறும் பாதையும்விட அந்தச் சாப்பாடு பெரிய காரியம். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்து வளர்ந்து ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. ஒரு பள்ளிப் பயணம் நாடு தழுவிய இயக்கமாக வளர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தெற்காசியாவில் இல்லை எனலாம். ஆனால் ஆரியரத்ன பயணம் முடிந்ததும் நிறுத்திக்கொண்டு பாடம் நடத்தப் போய்விடவில்லை. 2024இல் மறையும்வரை அதே வேலையில் இருந்தார். விளைந்த நன்மை முகாமினுடையதா, முகாமுக்குப் பின் வந்த அறுபத்தைந்து ஆண்டு உழைப்பினுடையதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஏழு நாள்

இந்திய அரசு நடுவழியைத் தேர்ந்தது. பட்டம் பெறுமுன் எல்லாரும் கட்டாயமாகச் சமூக சேவை செய்யவேண்டும் என்பது நேருவின் விருப்பம். 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு அதை ஆராய்ந்தது. அடுத்த ஆண்டு கல்வியாளர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் தேசியச் சேவைத் திட்டங்களைப் பார்த்து வந்து, கட்டாயம் வேண்டாம், விருப்பத்துக்கு விடலாம் என்ற பக்கம் சாய்ந்தார். கல்வி பற்றி ஆராய்ந்த கோத்தாரி குழுவும் கல்வியின் எல்லா நிலைகளிலும் சமூகப் பணி வேண்டும் என்றது. 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளிகளிலும் அதன் அலகுகள் உண்டு. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏதேனும் ஓர் ஊரில் ஏழு நாள் முகாம்.

முகாம் எப்படி நடக்கும் என்பது இப்பகுதியில் எல்லாருக்கும் தெரியும். ஊர்ப் பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ தங்கல். காலையில் மம்பட்டியும் பாண்டுமாகப் பள்ளி மைதானத்துப் பார்த்தீனியத்தையும் ஓடைக்கரைச் சீமைக்கருவேலத்தையும் அகற்றுவார்கள். மதியத்துக்கு மேல் ஒரு கண் மருத்துவ முகாமோ கால்நடை முகாமோ இருக்கும். பொழுது சாய்ந்தால் வாலிபால். நடுவில் ஒருநாள் மரக்கன்று நடுவார்கள். அந்தக் கன்றிடம் சற்று நிற்கலாம். ஒன்றரை அடிக் குழி வெட்டி நட்டு, சுற்றிலும் வேலிமுள் கட்டாமல் போனால் மறுநாளே வெள்ளாடு மொட்டையடித்துவிடும். முள் கட்டினாலும், பங்குனி சித்திரை வெயிலில் வாரத்துக்கு இரண்டு குடமாவது ஊற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் மாணவன் அல்ல. அவன் அப்போது தேர்வு அறையில் இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண்மணியோ, பள்ளியின் துப்புரவுப் பணியாளரோ, நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களோதான் ஊற்ற வேண்டும். அவர்களிடம் முன்கூட்டிப் பேசி வைத்த முகாமில் மரம் நிற்கிறது. பேசாத முகாமில் குழி மட்டும் நிற்கிறது.

இதற்கு எதிர் உதாரணமாகச் சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியைச் சொல்லலாம். 2010 வாக்கில் சேலம் மக்கள் குழு அந்த ஏரியைத் தூர்வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் வளர்த்தது. தன்னார்வலர்கள் உள்ளூர்க்காரர்கள். நட்டது பட்டுப்போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் கண்ணில் படும். அருகிலிருப்பது என்ற ஒன்று எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று.

போகாதீர்கள் என்றவர்கள்

நான்காவது விடை மறுப்பு. 1968 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோவின் குவெர்னவாகாவில், கிராமங்களுக்குச் சேவை செய்ய வந்திருந்த அமெரிக்க மாணவர் கூட்டத்தில் சிந்தனையாளர் இவான் இல்லிச் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். மொழி தெரியாமல், அந்த மக்களோடு வாழும் தகுதி இல்லாமல் வருகிறவர் கொண்டுவருவது தம் வாழ்க்கைமுறையின் விளம்பரத்தைத்தான் என்று அவர் கருதினார்.

இல்லிச்சின் வாதத்தில் மிகை உண்டு. ஆனால் திறமை பற்றிய பகுதி அசைக்க முடியாதது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட இந்தியா முழுக்கப் போகின்றன. கம்பிரசர் காற்றில் மேலே வரும் தூளின் நிறத்தைப் பார்த்தே, மண் முடிந்து பாறை வந்துவிட்டதா, கேசிங் பைப்பை எங்கே நிறுத்துவது என்று அந்த வண்டியில் இருக்கும் டிரில்லர் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து பிளஸ் ஒன் மாணவன் வேறு நாட்டுக்கு விமானம் ஏறிப் போய்க் கிணறு வெட்டப் போகிறேன் என்றால், பக்கத்து வீட்டு டிரில்லரே கேட்பார்: உனக்கு என்ன தெரியும் தம்பி? கட்டட வேலைக்கும் இது பொருந்தும். விமானக் கட்டணத்துக்கு உள்ளூர்க் கொத்தனாரையும் சித்தாளையும் எத்தனை நாள் அமர்த்தலாம் என்ற கணக்கை எந்தப் பயணத் திட்டமும் எளிதில் தாண்ட முடியாது.

அனாதை இல்லங்களைப் பொறுத்தவரை விவாதம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. கம்போடியாவில் வெளிநாட்டுத் தன்னார்வலர் வரத்து பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. அங்கிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது தெரிய வந்தது. வாரத்துக்கு ஒரு புது அண்ணன், அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போவதால் குழந்தையின் மனத்துக்கு ஏற்படும் கேடு தனி. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும் இத்தகைய தன்னார்வப் பயணங்களின் தீங்கைக் குறிப்பிட்டது. பள்ளிகள் இல்லக் குழந்தைகளைப் பார்வையிட மாணவர்களை அழைத்துப் போவதை, உள்ளூரிலும்கூட, நிறுத்துவதே சரி.

ஆட்டக்களம் சேர்க்குமா?

விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஐயப்படுவதே இல்லை. பந்து ஒன்று போதும், மொழி தேவையில்லை என்பார்கள். இங்குதான் நம்மிடம் ஓரளவு திடமான ஆய்வுகள் இருக்கின்றன.

பகைமையுள்ள குழுக்கள் பழகினால் பகை குறையும் என்ற கருத்தை 1954இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் நான்கு நிபந்தனைகளோடு சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவன ஆதரவு. இவற்றில் ஒத்துழைப்பு எவ்வளவு முக்கியம் என்பதைப் பொருளியலாளர் மேத்யூ லோ உத்தரப் பிரதேசத்தில் சோதித்தார். 1,261 இளைஞர்கள் பங்குகொண்ட ஆய்வில், சிலர் பல சாதியினர் கலந்த கிரிக்கெட் அணிகளில் ஒரு மாதம் ஆடினர். வேறு சிலர் ஒரே சாதி அணியில் ஆடினர். 2021இல் வெளியான முடிவு: ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அப்படி நேரவில்லை; சில அளவுகோல்களில் குறையவும் செய்தது. ஈராக்கில் ஆய்வாளர் சல்மா மூசா 2020இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு எல்லையைக் காட்டியது. கிறிஸ்தவக் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தபோது, அணித்தோழர் மீது மதிப்பு கூடியது. ஆறு மாதம் கழித்தும் சேர்ந்து பயிற்சி செய்தனர். ஆனால் களத்துக்கு வெளியே, அறியாத முஸ்லிம்கள் மீதான மனநிலை பெரிதாக மாறவில்லை.

சேவைப் பயணங்களில் வழக்கமாக நடப்பது என்ன? கடைசி நாள் ‘நட்புப் போட்டி’: வந்தவர்கள் ஓர் அணி, ஊர்க்காரர் ஓர் அணி. நம் முகாம்களில் மாலை வாலிபாலும் அப்படியே. லோவின் முடிவைக் கொண்டு பார்த்தால், பயன் மிகக் குறைவாக இருக்கக்கூடிய வடிவம் இதுதான். ஊரும் காலனியும் தனித்தனியாகக் கிடக்கும் கிராமத்தில், முகாமுக்கு வந்தவர்கள் ஊர் இளைஞர்களோடு மட்டும் ஆடிவிட்டுத் திரும்பினால், இருக்கும் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டதாகும். அணியைக் கலந்து பிரிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை; ஒரு உடற்கல்வி ஆசிரியர் முடிவெடுத்தால் போதும். இருந்தாலும் லோ கண்டது ஒரு மாத ஆட்டத்தின் விளைவு. ஏழு நாளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

விளையாட்டையும் ஊர்ப்பணியையும் உண்மையாகவே பிணைத்த முயற்சிகள் உள்ளூரில் வேர்கொண்டவை. நைரோபியின் மதாரே குடிசைப் பகுதியில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தில், தெருவைச் சுத்தம் செய்தால் அந்த அணிக்கு லீக் புள்ளி கிடைத்தது. நம் பக்கத்தில் சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிவரை போன நடராஜன், 2023இல் தன் ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் திறந்தார். அங்கே காலையில் பந்து வீசிப் பழகும் பையனுக்கு வெளியாளின் பயணத் தேதியைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. விளையாட்டு எல்லாச் சமூக நோய்க்கும் மருந்து என்ற பேச்சை ஃப்ரெட் கோல்டர் போன்ற ஆய்வாளர்கள் இரண்டாயிரங்களிலேயே எச்சரித்துவிட்டார்கள். எந்த ஆட்டம், யாரோடு, எத்தனை நாள் என்று சொல்லாமல் விளையாட்டு நல்லது என்பது, எந்த மாத்திரை என்று சொல்லாமல் மருந்து நல்லது என்பதைப் போன்றது.

இன்னும் தீராதவை

நான்கு விடைகளையும் வைத்துப் பார்க்கும்போது, இல்லிச்சும் ராஜாஜியும் எதிரெதிர் முனைகளிலிருந்து ஒரே இடத்துக்கு வருவது தெரிகிறது: உதவி என்பது தங்குகிறவனின் வேலை. ஹான் மரபு சொல்வதும் பொய்யல்ல. ஆனால் அது கல்வி பற்றிய விடை, ஊர் பற்றியது அல்ல. எனவே வெளிநாட்டுப் பயணத்தைக் கற்றல் என்று அழைத்து, ஊரை ஆசிரியர் என்று ஏற்று, அதற்குரிய கட்டணத்தை ஊருக்குக் கொடுப்பது நேர்மையானது என்று தோன்றுகிறது. சேவை என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டுமானால் மூன்றுக்கு விடை வேண்டும்: ஊர் கேட்டதா, ஊரில் யார் பொறுப்பு, அடுத்த ஆண்டும் வருவீர்களா.

தீராதவை பல. பயணத்தால் மாணவனிடம் வரும் மாற்றம் பத்தாண்டு நிற்குமா என்பது தெளிவாகவில்லை. ஊர்ப் பெண் பிள்ளைகள் ஆட்டக்களத்துக்கு வராத இடங்களில் இந்த வாதங்கள் அவர்களைத் தொடுகின்றனவா என்பதும் அப்படியே. உபசரிப்பின் சுமையை எவரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. வந்த பிள்ளைகளுக்கு ஏழு நாளும் மோர் கொண்டுவந்து கொடுத்த வீடுகளின் உழைப்பும் ஒரு சேவைதானே? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வுகள் பெரும்பாலும் போனவர்களிடமே கேட்கின்றன. இருந்தவர்களிடம் கேட்பது அரிது.

அந்தக் குறையைத் தீர்க்க நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. எந்த ஆண்டு எந்த ஊரில் முகாம், என்ன பணி என்பதை நாட்டு நலப்பணித் திட்ட அலகுகள் எழுதி வைத்தாக வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் அந்தப் பதிவேடுகள் அலமாரிகளில் இருக்கின்றன. திட்ட அலுவலர்களாக இருக்கும் ஆசிரியர்கள் இந்த ஆண்டு முகாமுக்கு ஊர் தேர்ந்தெடுக்கும் முன், பத்தாண்டுக்கு முந்தைய பதிவேட்டை எடுத்து, அதிலுள்ள ஊருக்கு மாணவர்களோடு ஒருமுறை போய், நட்டதும் கட்டியதும் என்ன ஆயிற்று என்று ஊராரிடம் கேட்டு எழுதி வாருங்கள்.